அன்னியம் என்று ஒரு வீடு

எழுபதுகளின் கடைசியில் நான் மரக்காணம் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயது. கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுவேன். மழைக்கு அளத்தில் வேலை நின்ற மாதங்களில் எங்கள் பங்குக் கோயில் சிஸ்டர் ஒருவர் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மை வாசனை போகாத புதுப் புத்தகம். நான் பிடிவாதக்காரி, பொங்கலுக்குள் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டேன்.

உடனே சிஸ்டர் என் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான்தான் பைபிள் வாசகம் படிக்க வேண்டுமாம். அளத்து வேலைக்காரி எவளும் அதுவரை வாசக மேடையில் ஏறி நின்றதில்லை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை வகுப்புப் பெண்கள் எங்கள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு சிஸ்டர் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார். தெருத்தெருவாக நடக்க வேண்டும், கட்டடங்களில் இருக்கும் எழுத்தையெல்லாம் படிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் பரீட்சை. எதிர்வீட்டு அக்காவும் துணைக்கு வந்தாள். சின்ன வயதில் ஐந்தாவது வரை போனவள், அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

தையல் கடை, பாத்திரக் கடை, சைக்கிள் ரிப்பேர். எல்லாவற்றையும் நான்தான் முந்திக்கொண்டு படித்தேன். பிரெஞ்சு எழுதியிருந்த சுவர்களைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மஞ்சள் வீடு வந்தது. அதன் நெற்றியில் சுண்ணாம்பு எழுத்துகள் புடைத்து நின்றன. நடுவில் இரண்டுக்கு மட்டும், யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி தலைக்கு மேலே ஒரு சுழி. அப்படி எதையும் நான் பார்த்ததே இல்லை. அழகுக்குப் போட்ட பூவேலை என்று அவற்றைத் தாண்டிவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் படித்தேன்.

"அன்னியம்!"

வெள்ளைக்காரன் இருந்த தெருதானே, எனக்குப் பொருத்தமான பெயராகத்தான் பட்டது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அன்னியமா? அடியே, அன்னை நிலையம்டி! கண்ணு அவிஞ்சா போச்சு உனுக்கு?"

மற்ற பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் அது தெரியவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு மானம் போய்விட்டது.

"சிஸ்டர், ஞாயித்துக்கெழம வேற யாரையாவது படிக்கச் சொல்லிடுங்க. எனக்கு எழுத்து வரல" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டு கேட் பக்கம் திரும்பி நின்றேன். அழுகை முட்டியது.

கேட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பலகை இருந்தது. "அன்னை நிலையம். நோட்டீஸ் ஒட்டாதீர்." தடுமாறாமல் படித்துவிட்டேன். மேலே பார்த்தேன், மறுபடி பலகையைப் பார்த்தேன். ஒரே பெயர். வீட்டு நெற்றியில் தும்பிக்கை இருந்த இடத்தில், பலகையில் 'கை'க்குப் போடுகிற அதே சுழி எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றது.

"யக்கா, இதப் படி."

அக்கா குனிந்து பார்த்து முகம் சுளித்தாள். "எவன்டி இவன், தப்புத்தப்பா எழுதி வெச்சிருக்கான்!"

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. கவர்மெண்ட்டு இப்பத்தான் எழுத்த மாத்திச்சு. உங்க புக்குல எல்லாம் புது எழுத்து. பழச நான் காட்டவே இல்ல. கோயில்ல இருக்கிற வாசகப் புஸ்தகம் பூரா பழசுதான்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் மக்கு இல்லை. கோயிலில் அத்தனை பேர் முன்னால் விடுதலையை 'விடுத' என்று படித்திருப்பேனே என்று நினைத்தபோதுதான் வியர்த்தது. நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

பஸ் ஏறும்வரை அக்கா எனக்குப் பழைய எழுத்துகளைத் தேடித் தேடிக் காட்டினாள். நான் அவளுக்குப் புது எழுத்துகளைக் காட்டினேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறி, வாசகத்தைப் படித்துவிட்டு இறங்கினேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"தும்பிக்கை எத்தினிடி வந்துச்சு?"

"ஒம்போது, யக்கா."

"ஒண்ணுலகூட நீ தடுக்கினது என் காதுல விழலியே" என்றாள்.