லாபம், ரெண்டு, மூணு

என் வீட்டுக்காரர் இசக்கிமுருகன் சேரன்மகாதேவிப் பக்கம் மெஷின் வைத்து மரம் அறுக்கிறவர். ஓர் இடத்தில் உட்காராத மனுஷன், சோறு தின்னும்போதே கால் ஆடும். மெஷினின் செயினைத் தீட்டும்போது மட்டும் அசையமாட்டார். முதல் பல்லில் என் நெயில் பாலிஷைத் தொட்டு வைப்பார். அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு பல், ஒவ்வொன்றுக்கும் அரத்தால் மூன்று இழுப்பு. சுற்றிவந்து சிவப்புப் புள்ளி தெரிந்தால் இடப்பக்கம் முடிந்தது. பிறகு வலப்பக்கத்துப் பற்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் மெஷின் நேராக இறங்காது, வளைந்து இழுக்கும்.

போன மாசம் அப்படித்தான் இழுத்தது. வாகைக் கொம்பு மாறி விழுந்து அவர் காலில் பதினோரு தையல். அன்றிலிருந்து ஒரே புலம்பல், கை போச்சு, கண்ணு போச்சு என்று. கூட்டாளி சொரிமுத்துவிடம் மெஷினைக் கொடுத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவராவது நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்க்கிறதாவது! ஒரே வாரத்தில் கிறுக்குப் பிடித்துவிடும்.

நேற்று ராஜராஜேஸ்வரி டீச்சர் வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்த வேம்பை அறுக்கவேண்டியிருந்தது. அதுவும் கோணினால் மெஷின் கைமாறிவிடும். ஆறு மணியிலிருந்து வாசலில் செயினோடு இருந்தார். புள்ளி வந்ததா, தாண்டிவிட்டதா என்று அவருக்கே சந்தேகம். எழுந்தார், தண்ணீர் குடித்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எனக்குப் பீடி சுற்றவே ஓடவில்லை.

"வலப்பக்கத்த நீயே இழுத்துரு செல்வி, முன்னால செஞ்ச மாதிரி. கை நடுங்குது."

விபத்துக்கு முன் ரெண்டு மாசம் அவர் குளிக்கப் போகும்போது வலப்பக்கத்தை நான்தான் தீட்டுவேன். அரத்தை வாங்கி வாய்விட்டு எண்ணினேன்.

"லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு. லாபம், ஒண்ணு..."

என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னட்டி எண்ணுத?"

"நீங்க எண்ணுத மாதிரிதான்."

"நான் லாபம், ரெண்டு, மூணுன்னுல்லா எண்ணுதேன். லாபம்னா அதுதான ஒண்ணு?"

எங்கள் வீட்டில் லாபம் சாமிக்கு. அம்மா அரிசி அளந்தால் லாபம் என்று ஒரு பிடியைத் தனியே வைத்துவிட்டுத்தான் ஒன்று என்பாள். இவர்கள் வீட்டிலோ ஒன்றுக்குப் பதிலாகவே லாபம். அவர் வாய்க்குள்ளேயே எண்ணுகிறவர், லாபம் மட்டும்தான் காதில் விழும்; ஆறு வருஷம் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியவில்லை. பல்லுக்குப் பல் ஓர் இழுப்பு கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

செயினைத் தூக்கிப் பார்த்தார். வலப்பக்கத்துப் பற்கள் எல்லாம் குட்டை. அரத்தைக் கீழே வைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்ல. என்ன செல்வி?"

"ஒண்ணுமில்லங்க."

இடப்பக்கத்தையும் தேய்த்துச் சரிக்கட்டினார். கை நடுங்கவே இல்லை. வேம்பு நினைத்த இடத்தில் விழுந்தது, ஓர் ஓடுகூட அசையவில்லை.

சாயங்காலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, "எம் பொண்டாட்டி சாமிக்கும் ஒரு இழுப்பு போட்டுட்டா வே" என்று சொரிமுத்துவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தையல் போட்ட அந்தக் காலை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.