திரையில்லாத பெட்டி

கம்பெனியில் நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துவிட்டு உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண் எரியும். வீட்டில் இசையமைக்க லேப்டாப்பைத் திறந்தால் மறுபடியும் திரை. அதிலிருக்கும் ஆயிரம் ஒலிகளில் ஒன்றைத் தேர்வதற்குள் அலுத்துவிடும். அதனால் திரையே இல்லாத பழைய சிந்தசைசர் இசைப்பெட்டி ஒன்றை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் குமிழ்களைத் திருகி ஒரு மெட்டைப் பிடித்தேன். பல மாதங்களுக்குப் பின் வந்த மெட்டு. கரண்ட் போனதும் பெட்டியிலிருந்து அழிந்துவிட்டது; என் நினைவிலும் அரைகுறையாகத்தான் இருந்தது.

"லேப்டாப்புன்னா பேட்டரி கீது, மெட்டு அழிஞ்சிருக்காது," என்றேன் மனைவியிடம்.

"அப்ப அதுலயே பண்றதுதானே?"

"அதப் பாத்தாலே தல வலிக்குது."

"காலைலேர்ந்து அந்த மெட்டையேதானே கேட்டுக்கினு கீறேன், எனக்கு வருது," என்று முணுமுணுத்துக் காட்டினாள்.

ஓரிடத்தில் சுரம் பிசகியது. திருத்தத் தெம்பில்லை. கரண்ட் வந்ததும், அவள் பாடியபடியே, அந்தப் பிசகோடு, பெட்டியில் வாசித்தேன்.