ஹெட்லைட்டை மாற்றிக்கொண்டே இருந்தவர்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது கிள்ளானில், ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வரிசை வீடு. என் வீட்டுக்காரர் அப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்க்கிறேன். மகள் ஜொகூரில் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் அவருடைய கார். அதை மூன்றாவது ஆள் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கார்தான், ஆனால் ஒரு கீறல் இருக்காது. எனக்கும் லைசென்ஸ் உண்டு. இருந்து என்ன பிரயோசனம், சாவியைத் தொட விடமாட்டார். நான் கியரைப் போட்டு இழுப்பேனாம்.

அந்த வருட ஆரம்பத்தில் ஒருநாள், ஹெட்லைட் மங்கிப்போய்விட்டது, காலையில் ரோடே தெரியவில்லை என்றார். பழைய மஞ்சள் பல்புதானே, சரி மாற்றுங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு கிள்ளானில் ஒரு அக்சஸரி கடைக்குப் போய் வெள்ளை எல்இடி பல்பு போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்து, லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டினார். எதிர் வீட்டுச் சுவர் பளீரென்று இருந்தது. எனக்குமே பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இரண்டு மூன்று வாரம் சந்தோஷமாகத்தான் ஓட்டினார். அப்புறம் போதவில்லை என்று ஆரம்பித்தார். மழையில் சரியாகத் தெரியவில்லை என்று கீழே இருக்கிற ஃபாக் லேம்பை மாற்றினார். ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை இடித்துவிட்டு, பின்னால் இருக்கிற லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது என்று அதையும் மாற்றினார். எல்லாம் மாற்றியாயிற்று, சிக்னலை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அதற்கும் எல்இடி. போட்டதும் சிக்னல் படபடவென்று தாறுமாறாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்இடிக்குக் கரண்ட் கொஞ்சம்தான் போகும், அதனால் பல்பு கருகிப்போய்விட்டது என்று கார் நினைத்துக்கொள்ளும், அதுதான் இப்படி அடிக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்தினார். உங்கள் அவசரம் காருக்கும் தொற்றிக்கொண்டது என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்காரர் ஏதோ ஒரு சின்ன சாமானை ஒயரில் சேர்த்த பிறகுதான் அது அடங்கியது.

மறுபடியும் ஹெட்லைட். இந்தத் தடவை இன்னும் பெரிய பல்பு, சூடு தாங்காது என்று பின்னால் குட்டி ஃபேன் வேறு. அந்த ஃபேன் இடித்ததில் லைட்டின் பின்மூடி மூடவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க வாசலில் உட்கார்ந்து ரப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கறி ஆறிப்போகிறது என்று நான் நாலு தடவை கத்தினேன். காதில் விழுந்தால்தானே.

எதிர் வீட்டுச் சீன அங்கிள் ஒருநாள் வந்து, உங்கள் கார் லைட் நேராக எங்கள் ஹாலுக்குள் வருகிறது, டிவி பார்க்க முடியவில்லை என்று மலாயில் ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மானம் போனது. ரோட்டிலோ எதிரே வருகிற கார்க்காரர்கள் எல்லாம் ஹை பீம் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். இவருக்கு அது உறைக்கவே இல்லை. பொறாமைப்படுகிறான் என்பார். நான் ஏரோப்ளேன் இறங்கப் போகிறதா என்று கேட்பேன். போலீஸ் சம்மன் வந்தால் அபராதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பேன். முதலில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதையும் நான் கவனிக்கவில்லை, கோபம் வந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை அந்தக் கடைக்காரரே தயங்கினாராம். இதற்கு மேல் பிரகாசமாகப் போட்டால் எதிரே வருகிறவனுக்குக் கண் போய்விடும் அங்கிள் என்றாராம். அதைக் கேட்டுவிட்டும் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பாரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். கிளம்பும்போது பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது, மழை அப்போதுதான் விட்டிருந்தது. இவர் காரை ஸ்டார்ட் செய்ததும் அந்த வெளிச்சத்தில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் ஏதோ கிண்டல் செய்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இவர் கார் வந்தால் உங்கள் தெருவுக்குக் கரண்ட் பில்லே வராது, மாதாமாதம் ஒரு பல்பு, பெண்டாட்டிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லி வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். இவர் கீழே இறங்கி நின்றார். முகம் கறுத்துவிட்டது.

சாவியைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

"நான் எவ்ளோ கஷ்டப்பட்டு ஓட்டுறேன்னு உனக்கு என்ன தெரியும்? இந்தா, நீயே ஓட்டிப் பாரு லா. அப்புறம் பேசு."

எனக்கும் ரோஷம். சரி, ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்கு இவர் வாயை அடைத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குஷி கூட. அவர் பக்கத்து சீட்டில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

காப்பாரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு ரோடு உண்டு. விளக்குக் கம்பமே கிடையாது. அந்த ரோட்டில் திரும்பினதும் நான் அசந்துபோனேன். பகல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. மரத்தின் மேல் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது. லோரியிலிருந்து விழுந்து கிடந்த செம்பனைப் பழம், கால்வாய்த் தண்ணீர், ரோட்டைத் தாண்டிக் குதித்த தவளை வரைக்கும் தெரிந்தது. எனக்கு நாக்கு நுனியில் வார்த்தை வந்துவிட்டது. இதையா இருட்டு என்கிறீர்கள் என்று கேட்பதற்காக அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் முந்திக்கொண்டார். கோபம் எல்லாம் போய், ஜெயித்தவர் குரலில் சொன்னார்.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல. இதுல எப்படிம்மா ஓட்டுறது?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. முன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். லைட் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில், ரோட்டின் இடது ஓரமாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை, சைக்கிளின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை. எனக்கு வரும்போதே தெளிவாகத் தெரிந்துவிட்டார். நான் வேகத்தைக் குறைத்து நடு ரோட்டுக்கு ஒதுங்கினேன். ஏன் ஸ்லோ பண்ணுகிறாய் என்று கேட்டார். ஆள் போகிறாரே என்றேன்.

"எந்த ஆளு?"

அதற்குள் அந்த மனிதர் இவர் ஜன்னலைத் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில் பின்னால் போனார். இவர் சட்டென்று உடம்பை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே இருட்டு மட்டும்தான் இருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்து, பூட்டிக் கிடந்த ஒரு பழக்கடை பக்கத்தில் காரை நிறுத்தினேன். லோரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. எவ்வளவு நாளாக இப்படி என்று கடைசியில் நான்தான் கேட்டேன். அவர் தன் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்புதான்னு நெனச்சேம்மா. மாத்துனா சரியாயிடும்னு நெனச்சேன். அப்புறம்... பல்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் ரோட்டோரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் எத்தனையோ வெளிநாட்டுத் தொழிலாளிகள் சைக்கிளில் வருவார்கள், கொஞ்ச நாளாக அவர்களைக் காணவே இல்லை, கம்பெனி பஸ் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லி முடித்ததும் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் புல்லில் வாந்தி எடுத்தார்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். கண்ணைக் காட்டுங்கள் என்று கிளினிக்கில் சொல்லும்போதெல்லாம் அடுத்த மாதம் என்பார். நானும் நச்சரிப்பேன், அப்புறம் விட்டுவிடுவேன். அந்த இரவுக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த மலாய் டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள்ளே இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருக்கின்றன, போன பார்வை திரும்பாது, லேசர் வைத்து மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் லேசருக்குப் பிறகு இருட்டில் இன்னும் கொஞ்சம் குறையலாம் என்று மறைக்காமல் சொன்னாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பகலில் கார் ஓட்டலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வருமா. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம். முடிந்து கார் பார்க்குக்கு இறங்குகிற படிக்கட்டில் விளக்கு சரியாக இல்லை. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பிடித்ததோடு சரி, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். கார் வரைக்கும் விடவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வயதில் என்ன ரொமான்ஸ் என்று கேலி செய்தேன், அவரும் சிரித்தார். கடையில் கூட வேலை செய்கிற அக்காவிடம் அடுத்த நாள் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். படி தெரியாமல்தான் பிடித்தாரோ என்னவோ. கேட்டுவிடலாமா என்று பல தடவை தோன்றியிருக்கிறது. இதுவரை கேட்கவில்லை.

கம்பெனியில் ஃபோர்க்லிஃப்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், வேலையை விட்டு நிறுத்தவில்லை. கிடங்கு வாசலில் உட்கார்ந்து லோரிகளுக்குப் பாஸ் கொடுக்கிற வேலை. முதல் நாள் போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, நாற்காலி நல்ல நாற்காலி என்றார். அவ்வளவுதான். முன்பெல்லாம் சாப்பிடும்போது கிடங்குக் கதை பேசாமல் இருக்க மாட்டார். இப்போது சாப்பாட்டு நேரத்தில் டிவிதான் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைப்பதையும் விட்டுவிட்டார். நானே கொண்டுபோய் அந்த ஹெட்லைட்டைக் கழற்றி, பழையபடி மஞ்சள் பல்பு போட்டுக்கொண்டு வந்தேன். எதிர் வீட்டு அங்கிள் பார்த்துவிட்டு நன்றி என்றார்.

இப்போது காலையில் நான்தான் அவரைப் போர்ட் கிள்ளானில் கொண்டுபோய் விடுகிறேன், வேலை முடிந்து சாயங்காலம் நான்தான் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கியரைப் போட்டு இழுத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் நன்றாக இருக்கும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, லைட் போட்டுவிட்டாயா என்று கேட்பார். முதலில் எல்லாம், இன்னும் இருட்டவே இல்லையே என்று பட்டென்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினபோது, அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்வது நிஜமா என்று பார்க்கிறவர் மாதிரி. அன்றிலிருந்து அவர் கேட்டதும் போட்டுவிடுகிறேன். போட்டாச்சுங்க என்பேன். அப்போதுதான் சீட்டில் சாய்ந்து உட்கார்வார்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருட்டுவதில்லை என்பது, இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும், அன்றைக்குக் காப்பாரில் அவருடைய டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.