மச்சினன் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி

2025 மே 18, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். ஜங்ஷன் பக்கம் போய்ப் பால் பாக்கெட்டும் பேப்பரும் வாங்கி வந்தேன். டீ குடித்தபடியே முந்தைய நாளின் குறிப்பை எழுதினேன். சனிக்கிழமை ஆலையில் சூளை பிரித்திருந்தார்கள். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து நல்லதையும் விரிசல் விட்டதையும் பிரிப்பது என் வேலை. விரிசல் அதிகம் என்று எழுதி மூடினேன். பிறகு கறிக்கடை. பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா ஏன் என் கேம ஆடிக்கிட்டிருக்காரு?"

அவள் மாமா என்றது என் மனைவியின் தம்பியை. கம்மாபுரத்தில் இருக்கிறான்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. கணினி விளையாட்டுகள் விற்கும் இணையக் கடை ஒன்றில் எங்களுக்கு ஒரு குடும்பக் குழு உண்டு. குழுவில் ஒருவர் வாங்கியதை மற்றவர்களும் அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் பெயரில் எடுத்து ஆடலாம். ஆனால் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும். யார் ஆடிக்கொண்டிருக்கிறாரோ அவர் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரியும். நான் சரக்கு ரயில் ஓட்டுவேன். மனைவி வண்ணக் கட்டங்களை அடுக்குவாள். மகள் துப்பாக்கிச் சண்டைக்காரி. மச்சினனுக்கு ஒரே விளையாட்டுதான், விவசாயம். அது என் பெயரில் வாங்கியது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவன் ஊரும் நிலமும் போன பிறகுதான் அதில் உட்கார ஆரம்பித்தான். வயல்களுக்கு மேட்டுக் கொல்லை, ஓடைக் கழனி என்று பழைய பெயர்களையே வைத்திருந்தான். "ஒனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கயேன் மாப்ள" என்று ஒருமுறை சொன்னேன். "ஒரே வூட்டுக்கு ரெண்டு எதுக்கு மாமா?" என்றான்.

குழுவின் தலைவர் நான். விதிகளை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனே என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அவற்றில் இரண்டு விதிகள் அன்று நினைவுக்கு வந்தன. இரவல் எடுத்த விளையாட்டில் ஒருவர் கள்ள மென்பொருள் போட்டு ஆடிப் பிடிபட்டால், சொந்தக்காரருக்கும் சேர்த்துத் தடை விழும். குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் அந்த இடம் ஓர் ஆண்டு காலியாகக் கிடக்கும். நீக்கப்பட்டவரும் அதுவரை எந்தக் குடும்பத்திலும் சேர முடியாது.

அன்று மாலை நான்கு மணிக்கு மகளுக்குத் தேர்வு ஆட்டம். சென்னைக் கல்லூரி ஒன்றின் கணினி விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அணியில் வந்தால் அங்கேயே மேற்படிப்பு. மூன்று வருடமாக ஏறி வந்த தரவரிசை முழுவதும் அவளுடைய அந்தப் பிரதியில்தான் இருக்கிறது.

"மாமா ஆடி முடிச்ச மேட்ச் ஒண்ணப் பாரு" என்று திரையைத் திருப்பினாள். "செவுத்துக்கு அந்தாண்ட நிக்கிறவன இங்கேருந்தே சுடுறாரு. அவன் இருக்கறது எப்பிடித் தெரியும்?"

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "அவனா? கோழி அறுக்கவே பக்கத்து வூட்டுக்காரரக் கூப்புடறவன்டி அவன்."

"அப்ப இது யாரும்மா? பேரு அவருது. அப்பா, அவரத் தூக்கிடு. இப்பவே."

"தூக்கறதா? மாமாவையா?"

"இல்லன்னா நான் குரூப்ப வுட்டுப் போயிடுவேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினனுக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "நேர்ல கேட்டுட்டு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து நுங்கு தோண்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. அக்கா வரல?"

"போன் என்னாச்சி?"

"உள்ள சார்ஜில கெடக்குது."

"கம்ப்யூட்டர்?"

"கடையில. வெள்ளிக்கெழம ரிப்பேருக்குக் குடுத்தன். ஃபேன் கத்துச்சி."

விஷயத்தைச் சொன்னேன். நுங்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினான்.

கடை இருந்தது விருத்தாசலத்தில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் மச்சினனின் கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, கடவுச்சொல்லை மச்சினனே பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். அவன் வீட்டில் எதுவும் ஒருவருக்கு மட்டும் என்று இருந்ததில்லை.

"டெஸ்ட் பண்ணிப் பாக்க வேணாமாண்ணே?" என்றார் கடைக்காரர். "லோடு குடுத்தாத்தான ஃபேன் கத்துதான்னு தெரியும். நீங்களே பாஸ்வேர்ட எழுதி ஒட்டியிருந்தீங்க."

"அது எங்க வூட்டுக்கும் பக்கத்து வூட்டுக்கும் எழுதுனது."

"நாங்க மட்டும் என்ன, அசலூரா?"

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "செவுத்துக்குப் பின்னாடி பாக்கறத எவன் போட்டது?" என்று கேட்டேன். சிரித்தவன் எழுந்து ஷட்டருக்கு வெளியே போய்விட்டான். கடைக்காரர் திருப்புளியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மச்சினன் அதற்குள் தன் விவசாயத்தைத் திறந்திருந்தான். பிறகு, "மேட்டுக் கொல்லையில கரும்ப வெட்டிட்டானுங்க மாமா" என்றான். "இன்னும் வெளையவே இல்ல."

மின்கம்பியை நானே பிடுங்கினேன். பெட்டியை ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெரியார் நகர் திரும்பும்போது மகள் போன் செய்தாள்.

"மாமா மறுபடியும் ஆடுறாருப்பா."

"பெட்டி எங்ககிட்ட இருக்குதும்மா."

"பச்சப் புள்ளி எரியுது. இப்பதான் வந்துச்சி."

அந்தத் தாளை எவனோ படம் எடுத்து வைத்திருக்கிறான். யாரிடம் எல்லாம் போயிருக்கிறதோ.

வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றப் பார்த்தோம். இணையக் கடை ஒரு குறியீட்டு எண்ணைக் கைபேசிக்கு அனுப்பியது. அது போனது அவனுடைய பழைய எண்ணுக்கு. ஊரைக் காலி செய்த அலைச்சலில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன எண். எண்ணை மாற்றித் தரும்படி எழுதிப் போட்டோம். பதில் வரச் சில நாட்கள் ஆகும் என்று உடனே ஒரு தானியங்கிக் கடிதம் வந்தது. மணி இரண்டேகால். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

மகள் நகத்தைக் கடித்தபடி சுவரோரம் நின்றாள். தன் மாமாவை வைத்துக்கொண்டு அவளால் மறுபடியும் 'தூக்கிடு' என்று சொல்ல முடியவில்லை. அவனே சொன்னான்.

"என் பேர எடுத்துடுங்க மாமா."

"ஒரு வருஷம் உள்ள வர முடியாது மாப்ள. ஒன் கொல்ல, கழனி எதையும் தொறக்க முடியாது."

"ஊர வுட்டே ஒரு தடவ எழும்புனவனுக்கு இன்னொரு தடவ எழும்ப எவ்ளோ நேரம் ஆவும்? பாப்பா ஆடட்டும்."

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். "அவன் இன்னும் சாப்புடலங்க. சாப்புட்டப்புறம் எடுங்க" என்றாள். கணினியில் பெயரை நீக்குவதற்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. தம்பியைப் பட்டினியாக வெளியே அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் சண்டைக் களம் திறந்தேதான் இருந்தது. எவனோ அவன் பெயரில் சுட்டுக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டே சாப்புடலாம்க்கா" என்றான்.

நீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று திரை கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்தினேன். பச்சைப் புள்ளியும் அவன் பெயரும் ஒன்றாக மறைந்தன. அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும், அது அடுத்த மே மாதம் திறக்கும் என்ற வரியும் வந்தன.

மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போ, போய் உக்காரு. கைய சூடு பண்ணிக்க" என்று அவளை விலக்கிவிட்டு இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மனைவி கறியை அவனுக்கே அள்ளி வைத்தாள். அவன் பாதிதான் சாப்பிட்டான்.

நான்கு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டி.வி. போடவில்லை. குக்கரைக்கூட மனைவி ஏற்றவில்லை. உள்ளேயிருந்து மகளின் குரல் மட்டும் அவ்வப்போது வந்தது: "லெப்ட்டு, லெப்ட்டு! கவர் பண்ணு!" ஒருமுறை நீண்ட நேரம் சத்தமே இல்லை. மச்சினன் எழுந்து கதவருகே போய், தட்டாமல் திரும்பி வந்தான்.

ஆறு மணிக்கு வெளியே வந்தாள். நன்றாக ஆடியதாகச் சொன்னாள். முடிவை வாரக் கடைசியில் சொல்வார்களாம்.

"தடை?" என்றேன்.

"அது உடனே வராதுப்பா. நாளைக்கும் வரலாம், அடுத்த மாசமும் வரலாம். வந்தா இன்னிக்கி ஆடுனதும் செல்லாது."

மச்சினன் எழுந்து பெட்டியருகே போனான். தாளைப் பெட்டியிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஏழு மணி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

"அந்தக் கொல்லையெல்லாம் அங்கியே தான இருக்கும் மாமா?"

"இருக்கும். அழியாது. தொறக்கத்தான் முடியாது."

"இருந்தா சரி. போயிட்டு வரேன்."

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. கணினியைத் திறந்து, விவசாய விளையாட்டில் இன்னொரு பிரதியை வாங்கி, குழுவில் இல்லாமலே அவன் ஆடும்படி அவன் பெயருக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் மகளின் கணக்கில் தடை ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.