தாயம் என்று கத்திவிட்டேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே போடுவது என்று அப்போதே தெரியாது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உத்திரமேரூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மன்றம் இருந்தது. ஒரு நீளக் கூடம், நாலு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு. அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போய்விட்டாள். வீட்டில் நான் ஏதாவது பேசினால் நானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மன்றத்தில் சண்டை ஆட்டம் நடக்கும். மாற்றலாகி வந்த பேங்க்காரர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பச்சைத் துணி விரிப்பார்கள். துணிக்கு அடியில் புத்தகம் வைத்தால் மேடு, மேலே நீலக் காகிதம் வைத்தால் ஏரி. சுண்டுவிரல் உயரத்துக்கு மண்ணில் செய்து சாயம் பூசிய சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். யானைகள் மட்டும் காஞ்சிபுரத்தில் கொலுவுக்கு விற்கிற பொம்மைகள். ஆட்டக்காரர்களில் ஒருவர் தையல்காரர். அவர் கடை இஞ்சு டேப்பைக் கொண்டு வருவார். அதை வைத்து அளந்துதான் படையை நகர்த்துவார்கள். காலாள் ஆறு இஞ்சு, குதிரை பன்னிரண்டு இஞ்சு.

என் வேலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். ஆனாலும் நான் கிளம்பமாட்டேன். துடைத்த சன்னலையே திரும்பத் துடைத்துக்கொண்டு நிற்பேன். மனுஷர் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும், அது போதும்.

அன்றைக்குப் புள்ளலூர் சண்டை. பல்லவர்களுக்கும் சாளுக்கியர்களுக்கும் நடந்தது என்றார்கள். நமக்குத் தெரிந்த புள்ளலூர், களை எடுக்கப் போன ஊர், அதில் ராஜாக்கள் சண்டை போட்டார்கள் என்பதே எனக்கு அதிசயம். பக்கத்துக்கு இரண்டு பேர் ஆடவேண்டும். பேங்க்காரரோடு சேர்ந்து ஆடுகிறவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர். அவர் வர முடியாது என்று எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது.

"ஆள் கொறையுதே சார், ஆட்டம் அவ்ளோதானா?" என்றார் நெல் மண்டியில் எடை போடுகிறவர்.

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். "யக்கா, எத்தினி வாட்டி அந்த சன்னலையே தொடச்சிக்கினு இருப்ப? கண்ணாடி தேஞ்சிடப் போவுது. வந்து குந்து."

"ஐய, எனக்கு இன்னா தெரியும்?"

"தாயம் ஆடத் தெரியுமில்ல? அதே மாரிதான். நீ பகடையப் போடு, மீதிய சார் பாத்துக்குவாரு."

பேங்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா."

நுனியில் உட்கார்ந்தேன். கையெல்லாம் பினாயில் வாடை. புடவையில் துடைத்துக்கொண்டு பகடையை எடுத்தேன். பல்லவர் பக்கம், நாலு யானை என் பொறுப்பு. அவர் சொன்ன சட்டத்தில் பாதி எனக்கு ஏறவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் பகடை நன்றாக விழுந்தது. "யக்கா கையில இன்னாமோ கீதுப்பா" என்று மண்டிக்காரர் அலுத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு டீ வாங்கிவர வழக்கம்போல எழுந்தேன். "நீங்க ஆடுற ஆளு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு பேங்க்காரரே தூக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வருகிறவரைக்கும் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல், யானைகளை எதிரி மேல் விடுகிற நேரம் வந்தது. "இதுலதாம்மா இருக்கு எல்லாம். நல்லா போடுங்க" என்றார் பேங்க்காரர்.

போட்டேன். பகடை உருண்டு, ஏரிக் காகிதத்தில் இடித்து நின்றது. ஒற்றைப் புள்ளி.

"தாயம்!" என்று கத்திவிட்டேன்.

மண்டிக்காரர் பெஞ்சில் அடித்துச் சிரித்தார். "தாயமா! யக்கா, உன் யானைங்க திரும்பிக்கினு உன் ஆளுங்களையே மிதிக்குதுங்க!"

தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். இந்த ஆட்டத்தில் ஒன்றைவிடக் கெட்டது கிடையாதாம். பேங்க்காரர் யானைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்தார். அவை போகிற வழியில் நின்ற எங்கள் சிப்பாய்களைப் படுக்க வைத்தார். "தப்பு எம்மேலதான் சார். நாந்தான தாயம்னு சொன்னேன்" என்று தையல்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

என் வீட்டுக்காரரும் நானும் சிமெண்டுத் தரையில் கட்டம் போட்டு ஆடுவோம். யாருக்குத் தாயம் விழுந்தாலும் தெருவுக்கே கேட்கும். அவர் போன பிறகு கட்டைகளைப் பருப்பு டப்பாவில் போட்டு வைத்தவள், எடுக்கவில்லை. ஒண்டியாகத் தாயம் ஆட முடியாது. அந்த வார்த்தை என் வாயில் வந்து மூன்று வருஷமாகியிருந்தது.

தோற்றுவிட்டோம். சாயந்திரம் பொம்மைகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். மண்டிக்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அறுவடை வருகிறது, அடுத்த மாதம் சந்தேகம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அவருக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நான். பேங்க்காரர் எங்கள் பக்கம் பார்த்து, "அடுத்த மாசமும் கண்டிப்பா வரணும், ஆமா" என்றார்.

'வாங்கம்மா' என்றிருந்தால் எனக்கு. 'வாய்யா' என்றிருந்தால் அவருக்கு. 'வரணும்' என்றுதான் சொன்னார்.

அடுத்த மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை பினாயில் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் கூடத்தைத் துடைத்தேன். கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தேன். பட்டாளத்துக்காரர் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டிக்காரரும் வந்துவிட்டார். நான் சன்னல் பக்கம் போய் நின்றேன். தையல்காரர் மட்டும், "இன்னா யக்கா, தாயமா?" என்றார். பேங்க்காரர் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. பெட்டியும் அவரோடு போயிற்று.

அங்கே ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லவேண்டும். யானை நாலா அஞ்சா, மேடு ஏரிக்கு எந்தப் பக்கம், இதெல்லாம் தப்பாக இருக்கலாம். திருத்திக்கொள்ளுங்கள். வாசலில் பேங்க்காரர் சொன்ன அந்த 'வரணும்' யாருக்கு என்பதையும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குச் சொன்னதென்றால், போய் உட்காராதது என் தப்புதான்.