ஆபரேசன் பண்ணியும் கண்ணு அப்படியேதானுங்க இருக்குது

கிளாகோமா என்கிற கண் நீர் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரின் தொழில் லட்சணம் இதுதான்: எல்லாம் நன்றாக நடந்தால் நோயாளிக்கு எதுவுமே மாறியிருக்காது. கண்புரை எடுக்கிற டாக்டரைக் கட்டு பிரித்த கையோடு கும்பிடுகிறார்கள். பேரன் முகம் பளிச்சென்று தெரிகிறது என்று அழுகிறார்கள், பலாப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது முறைப்பு. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடியாமல் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிற வியாதி இது. செத்த நரம்பு செத்ததுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் நாங்கள் கத்தியை எடுக்கிறோம். இதைக் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. செய்த வேலை வெளியே தெரியாத தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

மெடிக்கல் ஷாப் மரியாதை

வேலுச்சாமி தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். என்னிடம் வரும்போதே இடது கண் முழுசாகப் போயிருந்தது. வலது கண்ணில் நடுவே தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. என்றோ ஒருநாள் தூசி பட்டுக் கண் உறுத்துகிறதென்று ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார். ஸ்டீராய்டு. உறுத்தல் நின்றுவிட்டது, சொட்டு நிற்கவில்லை. பல் தேய்ப்பது மாதிரி தினமும் காலையில் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், வருஷக்கணக்காக. அது அழுத்தத்தை ஏற்றிவிட்டு ஒரு கண்ணை முடித்து அடுத்த கண்ணுக்கு வந்திருந்தது.

வந்த ஆத்திரத்தில், அவரும் கூட வந்தவரும் கேட்கக் கேட்கவே அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை எப்படி ஐயா கொடுத்தீர்கள், ஒரு மனுஷன் கண்ணைக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன். மனுஷர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "ஏனுங்க மேடம், பழகுன ஆளுங்க, இல்லீன்னு சொன்னா மனசு சங்கடப்படுவாருங்க."

எறும்பு தெரிகிற தம்பி

கூட வந்தவர் அவருடைய தம்பி நடராசு. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பெரிய செல்போன், உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை என்கிற முகம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார், விசேஷ வீடுகளில் பந்தியை மேற்பார்வை பார்ப்பார். சொட்டு தூண்டிவிட்டது என்றாலும் இது ரத்தத்தில் வருகிற வியாதி, கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வலிக்காது, நடுப் பார்வை கடைசிவரைக்கும் நன்றாகவே இருக்கும், ஓரம் போவது போகிறவருக்கே தெரியாது என்றேன். பக்கத்து அறையில் மெஷின் இருக்கிறது, இப்போதே பார்த்துவிடலாம் என்று எழுந்தும் நின்றேன்.

அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டினார். "அந்த மலை மேல எறும்பு ஊர்ந்தாலும் எனக்குத் தெரியுமுங்க, நீங்க அண்ணனைப் பாருங்க."

மறுநாள் முறைப்பு

மருந்துக்கும் மாத்திரைக்கும் வேலுச்சாமியின் அழுத்தம் இறங்கவில்லை. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் சின்னதாக ஒரு கதவு வெட்டி நீர் வடிய வழி செய்தேன். இருப்பது ஒரே கண். அதில்தான் கத்தி வைத்தேன். மறுநாள் கட்டைப் பிரித்தால் அழுத்தம் அழகாக இறங்கியிருந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் புரை எடுத்த மறுநாளே பேப்பர் படித்தாராம். அந்தக் கணக்கில் வந்திருந்த வேலுச்சாமி சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "ஆபரேசன் பண்ணியும் கண்ணு அப்படியேதானுங்க இருக்குது."

அதே சொட்டு

நாம் வெட்டிய வழியை உடம்பு காயம் என்று நினைத்து ஆற்றி மூடப் பார்க்கும். அது மூடாமலிருக்கக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு சொட்டுத்தான் விட வேண்டும். காயம் ஆறும்வரை என் கண்காணிப்பில் விடுவது வேறு, கடையில் வாங்கி வருஷக்கணக்காக விடுவது வேறு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த வாரமே வரச் சொன்னேன். தேங்காய் வெட்டு, சொந்தத்தில் கல்யாணம், ஊர்க் கோயில் நோம்பி என்று எல்லாம் முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வழி தழும்பேறி இறுகிக் கிடந்தது, அழுத்தம் பழைய இடத்துக்கே போயிருந்தது.

சொட்டு விட்டீர்களா இல்லையா என்றேன். நடராசு சீல் உடைக்காத பாட்டிலை எடுத்துப் பெருமையோடு மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு நான் கடைக்காரரைத் திட்டியதில் ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிய மனுஷருக்கு, நான் விளக்கிச் சொன்னதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. "கண்ணைக் கெடுத்ததே இந்தச் சொட்டுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க, அதுதான் உட வேண்டாம்னு நான் சொல்லிப்போட்டேன்."

தியேட்டரில் பஜனை

தழும்பேறிய கண்ணில் மறுபடியும் கதவு வெட்டினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். மிச்சமிருந்தது குழாய் வைத்தியம். வெள்ளை விழிமேல் சின்னத் தட்டு ஒன்றைத் தைத்து, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாயைக் கண்ணுக்குள் செருக வேண்டும். கத்தி படாத கன்னிக் கண்ணாக இருந்தால் சுலபம். இங்கே மெல்லிய தோல் தழும்போடு ஒட்டிக் கிடந்தது, கொஞ்சம் இழுத்தால் கிழியும். ஒவ்வொரு ஒட்டையும் பிரிக்கும்போது, ஒட்டவைத்த புண்ணியவானுக்கு முகக் கவசத்துக்குள்ளேயே அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் மயக்க மருந்து டாக்டர் சாதிக், கோட்டைமேட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். குழாய் உள்ளே போனபிறகு மெதுவாகக் கேட்டார்: "மேடம், அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சது, தம்பிக்கு எப்ப முடியும்?"

கட்டி வைத்த குழாய்

குழாயை உடனே திறந்துவிட்டால் நீர் ஒரேயடியாக வடிந்து கண் தொய்ந்துவிடும். அதனால் அதைக் கரையும் நூலால் கட்டித்தான் வைப்போம். சில வாரங்களில் நூல் தானாகக் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை அழுத்தம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மருந்தை வைத்து ஓட்ட வேண்டும். இதை ஒரு குடும்பத்துக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. இதற்கிடையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக நலம் விசாரிக்க வந்த சொந்தபந்தம் அத்தனையும், இமையைத் தூக்கச் சொல்லிக் குழாயைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஊர்ப் பொருட்காட்சியா அது?

அழுத்தம் இன்னும் இறங்கவில்லையே என்று நடராசு யோசனையோடு வந்தார். தோட்டத்துக்காரருக்குக் குழாய் என்றால் சொட்டுநீர்க் குழாய்தான். "எங்குளுது அடைச்சா ஆசிட் உட்டுக் கழுவுவமுங்க, கண்ணுக்கு அந்த மாதிரி ஏதாச்சும் இல்லீங்களா?"

தொட்டி ஓரத்தில் யானை

நூல் கரைந்தது, அழுத்தம் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் வேலுச்சாமி "அப்படியேதானுங்க இருக்குது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். பரிசோதனைப் படமும் அதையேதான் சொல்லும். எனக்கு அது தேன், அவருக்கு அது புகார்.

ஒருநாள் காலை, வரச் சொல்லாமலே வந்து நின்றார். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். விடிந்தும் விடியாமலும் இருவரும் தோப்புக்கு மோட்டார் போடப் போயிருக்கிறார்கள். முன்னால் நடராசு. இடதுபக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் காட்டு யானை ஒன்று சத்தமில்லாமல் நிற்கிறது. நடராசு பாட்டுக்கு வீசி நடக்கிறார். ஓரம் தெரியாதவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்க வேண்டும் என்று நான் வேலுச்சாமிக்குச் சொல்லியிருந்தேன். நான் சொன்னதில் அவர் கேட்ட ஒரே விஷயம் அது. திருப்பியவர் யானையைப் பார்த்தார், தம்பியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். இழுத்தபிறகும் நடராசு, "எதுக்கண்ணா இழுக்கறே?" என்று கேட்டாராம்.

நடராசைப் பக்கத்து அறை மெஷினில் உட்காரவைத்தேன். நடுப் பார்வை சுத்தம், எறும்பு கட்டாயம் தெரியும். ஓரம் இரண்டு கண்ணிலும் போயிருந்தது, இடதுபக்கம் ரொம்பவே. அழுத்தம் எங்கேயோ உச்சத்தில் இருந்தது. இந்த மனுஷனுக்காக எத்தனையோ வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன், எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பாவமாக இருந்தது. வேலுச்சாமி தம்பியின் கையை விடாமலே சொன்னார். "டாக்டரம்மா, இவனுக்கும் என்ன பண்ணோணுமோ பண்ணிப்போடுங்க, என்ற கண்ணாட்ட அப்படியே இருந்தாப் போதுமுங்க."

என் தொழிலுக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்று அதுதான், அதற்கும் ஒரு யானை வந்து சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது.