சனிக்கிழமை காலை ஒன்பது மணி

இது நடந்து மூன்று, நான்கு வருடங்கள் இருக்கும். ஜார்ஜ்டவுனில் அப்போது இருந்த அதே அடுக்குமாடி வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். நான் தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இருக்கிற பிறை என்ற ஊருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என் படிப்பு பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டது. அதனாலோ என்னவோ, மகளின் படிப்பு என்றாலே எனக்குப் பயம்.

அவள் அப்போது பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். வெளிநாட்டில் பொறியியல் படிக்க ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. தேறிவிட்டால் செலவு முழுவதும் தேர்வு நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். எழுத வருகிற கூட்டம் பெரிது, இடங்களோ கொஞ்சம். என் சம்பளத்தில் அவளைப் பொறியியல் படிக்க வைக்க வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அவள் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, வரப்போகிற வாரத்துக்கான படிப்பைப் பிரித்து எழுதுவாள். போன வாரம் எதில் தப்புச் செய்தாளோ அது இந்த வாரம் முன்னால் வந்துவிடும். எழுதி முடித்ததும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவாள்.

இயற்பியலும் கணிதமும் எனக்கு என்ன தெரியும்? அந்தத் தாளில் எனக்குப் புரிந்தவை கிழமையும் மணியும்தான். பக்கத்துச் சுவரில் எங்கள் தமிழ்க் காலண்டர் தொங்கும். ஒருநாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோது திக்கென்றது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக் கட்டத்தில், ‘இயற்பியல், பழைய வினாத்தாள்’ என்று எழுதியிருந்தாள். சரியாக ராகு காலம்!

மாற்றச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அப்பா, இது மெட்ராஸ் காலண்டர். அங்க ஆறு மணிக்கே விடிஞ்சிரும். நமக்கு ஏழே காலுக்குத்தான் விடியுது. ராகு இன்னும் பிளேன்ல வந்துக்கிட்டிருப்பாரு லா.”

“உங்கப்பா பொறந்ததே ராகு காலத்துலதான்னு உன் பாட்டி சொல்லுவாங்க,” என்று சமையலறையிலிருந்து என் மனைவி சேர்ந்துகொண்டாள். “அதான் மனுசன் இப்படிப் பயந்து சாவுறாரு.”

நான் சிரிக்கவில்லை. நுழைவுத் தேர்வு எப்போதும் சனிக்கிழமை காலையில்தான் வைப்பார்களாம். அதே நேரத்துக்கு மூளை பழக வேண்டும் என்றுதான் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறேன் என்றாள். பரீட்சை வேறு, படிப்பது வேறு, நல்ல நேரத்தில் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு வாரம் விடாமல் புலம்பியிருப்பேன். கடைசியில் அவள் அந்த வினாத்தாளைப் பகல் இரண்டு மணிக்குத் தள்ளி வைத்தாள். பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீடு அடுப்பு மாதிரி இருக்கும். மின்விசிறிக்குக் கீழே பேனாவைப் பிடித்தபடியே தூங்கி வழிவாள்.

சனிக்கிழமை காலைகளில் அவள் என்னோடு பாசாருக்கு, சந்தைக்கு, வர ஆரம்பித்தாள். மீன் வாங்கிக்கொண்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்து மெதுவாக ஓட்டி வருவேன். அந்தக் காலைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

தேர்வு அனுமதிச் சீட்டு வந்தது. சனிக்கிழமை, முதல் தாள் இயற்பியல், காலை ஒன்பது மணி. அதைப் படித்துக் காட்டியபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இதற்கு ஒரு வழி இருக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு காரியத்தை ராகு காலம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டால் தோஷமில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பயணம் போக வேண்டியிருந்தால் பெட்டியை முன்னாலேயே வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுவோம். அது ஞாபகம் வந்ததும் பெரிய நிம்மதி. தேர்வு நாளன்று கெலுகோரில் தேர்வு மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“தாள் கைக்கு வந்ததும், ஒன்பது அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பிள்ளையார் சுழி போட்டுரும்மா. அவ்வளவுதான். அப்பாவுக்காக.”

“சரிப்பா,” என்றாள். என்னைச் சமாதானப்படுத்தும்போது வருகிற குரல் அது.

பெற்றோர்கள் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தோம். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பாதி மண்டபம் தெரிந்தது. நான் உட்காரவில்லை. நிபோங் திபாலிலிருந்து மகனைக் கூட்டி வந்திருந்த ஒருவர், சட்டைக்கு மேல் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர், என் நடையைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், “அண்ணே, உக்காருங்கண்ணே. நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் எங்க ஊருக்கே போய்ச் சேந்திருக்கலாம்,” என்றார்.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். என் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மலாய் அம்மா அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடக்க, இவள் பின்னால் போனாள். மற்ற பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முன்மேசையில் இரண்டு அதிகாரிகள் அந்தத் தாளின் தலைப்பகுதியை விரலால் சுட்டிக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எழுதலாம் என்று அறிவிப்பதற்கு முன் அவள் எழுதிவிட்டாள். நான் போடச் சொன்ன சுழி.

“அது உங்க மகளா? போய்ப் பேசுங்கண்ணே, நீங்கதானே அப்பா!” என்றார் அந்தச் சிலுவைச் சங்கிலிக்காரர்.

கதவு வரைக்கும் போனேன். கைப்பிடியில் கையையும் வைத்துவிட்டேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க மலாய் பேசுகிறவன்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள் முன்னால் எனக்கு எந்த மொழியும் வராது. பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்ற பையனாகிவிடுவேன். நான் உள்ளே போய் எதையாவது உளறப்போய், அவர்கள் அவளை ஒரேயடியாக வெளியே அனுப்பிவிட்டால்? அப்படி நினைத்துக்கொண்டே நின்றேன். கைப்பிடி சில்லென்று இருந்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அவளிடம் எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதன் பிறகு வேறு தாள் கொடுத்து உட்காரவைத்தார்கள். அதற்குள் மற்றவர்கள் பக்கம் புரட்டிவிட்டிருந்தார்கள்.

தேர்வு முடிந்து வந்தவள், “பரவால்லப்பா, கடைசி ரெண்டு கேள்விதான் போச்சு,” என்றாள். மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தில் ஹெல்மெட்டை அவளிடம் கொடுக்கும்போது மெல்லக் கேட்டேன், உள்ளே என்ன சொன்னாய் என்று.

“இது என்ன குறின்னு கேட்டாங்க. காப்பி அடிக்கிறதுக்கு அடையாளமோன்னு சந்தேகம். சாமிக்குப் போடுறது, என் பழக்கம்னு சொன்னேன்.”

“அப்பாதான் போடச் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?”

அவள் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: “சொன்னா உங்கள உள்ள கூப்பிடுவாங்கப்பா. உங்களால பேச முடியாதுல்ல.”

அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. என்னைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளால்தானா, இரண்டு மணி வெயிலில் தூங்கி வழிந்த சனிக்கிழமைகளாலா, அல்லது எப்படியும் கிடைத்திருக்காதா, எனக்குத் தெரியாது. அது தெரியாமலே போய்விட்டதுதான் பெரிய வேதனை. இப்போது அவள் பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் டிப்ளோமா படிக்கிறாள். ஞாயிறு மாலை இன்னும் கட்டம் போடுகிறாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு என்ன எழுதுகிறாள் என்று நான் பார்ப்பதில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான்தான் அவளைச் செய்யச் சொன்னேன் என்பது மலாயில் நான்கே சொல். வேலைக்குப் போகும்போது பாலத்துக் காற்றில் அதை ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கேட்க யாரும் இல்லாத அந்த இடத்தில் ஒரு தடவைகூட எனக்கு நாக்குத் தடுமாறியதில்லை.